சர்தார் பாஷாவின் காதுகள்

ஆம்பூர்க் கடைத்தெருவில் சர்தார் பாஷா நடந்து போனால் எல்லோரும் முதலில் பார்ப்பது அவர் காதுகளைத்தான். அவற்றில் விசேஷம் ஒன்றும் இல்லை. இடது காதோரத்தில் சின்ன வயதில் அம்மை போட்ட குழி ஒன்று இருக்கிறது; மற்றபடி இரண்டும் ஊரில் எல்லோருக்கும் இருக்கிற மாதிரிக் காதுகள்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் வெற்றிலைக் கடை மீரான் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். "இன்னிக்கும் இல்லியா பாய்?" என்பார். "எந்நாளும் இல்ல," என்று சர்தார் பாஷா பதில் சொல்லிவிட்டு, காதுகள் நன்றாகத் தெரியும்படி தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு போவார்.

அங்கே இல்லாமல் இருந்தது ஒரு கம்மல். தோல் கம்மல். தோல் பதனிடும் ஷாப்பில் ஓரம் கத்தரித்துக் கீழே போடுகிற துண்டில் நடுவே ஒரு கீறல் போட்டது. கீறலுக்குள் காதை நுழைத்துவிட்டால் ஆட்டுக்குட்டியின் காது மாதிரி தொங்கும். வெள்ளிக்கிழமை சீட்டாட்டத்தில் தோற்ற ஜோடி ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டு கடைத்தெரு முழுவதும் நடந்து, எல்லோருக்கும் வெற்றிலை வாங்கிவர வேண்டும். காசு வைத்து ஆடுவது பாவம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருந்தார். காசில்லாமல் ஆடினாலும் பாவம்தான் என்று அதே மூச்சில் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. அந்த இடத்தில் காற்று பலமாக அடித்ததால் ஆடுகிறவர்கள் யாருக்கும் அது காதில் விழவில்லை. ஆகவே காசை விட்டுவிட்டுக் காதை வைத்தார்கள்.

இந்தக் கம்மல் பதினோரு வருஷமாக சர்தார் பாஷாவின் காதில் ஏறியதே இல்லை. அவருடைய வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படியாக இருந்தது அது ஒன்றுதான் என்றால் அவரே மறுக்கமாட்டார். தோல் ஷாப்பில் அவர் பட்டைக் கொட்டகைக்கு மேஸ்திரி. ஆவாரம்பட்டையை இடிக்கவைத்து, ஊறவைத்து, தோல் ஊறும் குழிகளுக்கு அனுப்புகிற வேலை. முதலாளியின் மகன், இவர் தூக்கி வளர்த்த பையன், இவரை "பட்டை" என்று கூப்பிடுவான். குடியிருந்த வீடு மாமனார் கொடுத்தது. அந்த விஷயத்தை மைத்துனன் இஷ்தியாக் அகமது மறந்தாலும் வீட்டுச் சுவர்கள் மறக்கவிடவில்லை. மழைக்காலத்தில் ஒழுகுகிறபோதெல்லாம் யார் வீடு, யார் ஓடு மாற்றுவது என்ற பேச்சு வந்துவிடும். ஆறு நாள் இப்படிப் பட்டையாக வாழ்ந்துவிட்டு, ஏழாம் நாள் ஜும்மா தொழுகையும் பிரியாணியும் முடிந்து பாயில் உட்கார்ந்ததும் அவர் பாதுஷா.

ஆட்டம் முந்நூற்றி நாலு. ஏழு முதல் ஆசு வரை முப்பத்திரண்டு சீட்டு, எதிரெதிரே உட்காரும் இரண்டு ஜோடி. ஜாக்கிதான் பெரியது, அதற்கடுத்தது ஒன்பது. ராஜாவும் ராணியும் அவற்றுக்கு வெகு கீழே. ஆடிப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் தெரியாது. ஏலம் கேட்கிற மாதிரி அதிகப் புள்ளி கேட்டவர் ஒரு சீட்டைத் துருப்பாகக் கவிழ்த்து வைப்பார். அது என்ன சீட்டு என்று வைத்தவரைத் தவிர யாருக்கும் தெரியாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

சர்தார் பாஷாவின் ஜோடி கன்னியப்பன். ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து பட்டை ஏற்றிவருகிற வண்டிக்காரர். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, பிரியாணிச் சட்டி இறங்குகிற நேரத்துக்குக் கொஞ்சமும் பிசகாமல் வந்து சேருவார். எதிர் ஜோடியில் ஒருவர் வாஹித் பாஷா, சர்தாருக்குச் சித்தப்பா மகன், சுண்ணாம்புக் குழியில் வேலை. இன்னொருவர் லியாகத் அலி, தோலைத் தரம் பிரிக்கிறவர். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை அழுத்திப் பார்க்காமல் அவருக்கு முடியாது. சொந்தக் கல்யாணத்தில் மாலையைக்கூட அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டார் என்பது வாஹித் பாஷாவின் கட்சி.

இந்த நால்வரும் பதினோரு வருஷமாக ஒரே சீட்டுக்கட்டை வைத்து ஆடினார்கள். வாங்கிய அன்று சீட்டுகளின் முதுகில் சிவப்புப் பூ இருந்ததாம். இப்போது அதில் இருந்தது வேறு தோட்டம். சர்தார் பாஷாவின் விரல்களில் போகாத பட்டைச் சாயம் செம்மண் நிறத்தில் படிந்திருந்தது. வாஹித் பாஷாவின் சுண்ணாம்பு அங்கங்கே வெள்ளையாக அரித்திருந்தது. கன்னியப்பனின் வண்டி மை கறுப்புப் பொட்டாக நின்றது. லியாகத் அலிக்குப் பிடித்த சீட்டுகளில் பிறை பிறையாக நகம் பதிந்திருந்தது. போதாததற்கு வாரநாட்களில் மத்தியானம் சர்தாரின் மனைவி அஜீஸுன்னிசாவும், அவருடைய விதவைத் தங்கை சுகரா பேகமும், கன்னியப்பன் மனைவி பட்டம்மாளும் அதே கட்டை வைத்துக் கழுதை என்கிற ஆட்டம் ஆடுவார்கள். அவர்கள் பங்குக்கு மஞ்சளும் மருதாணியும் சேர்ந்தன. சுருக்கமாகச் சொன்னால், ஆட்டீன் ஜாக்கி வாசலில் வரும்போதே கொல்லைப்புறத்தில் இருப்பவருக்கு அடையாளம் தெரியும்.

ஒவ்வொருவருக்கும் தன் தன் கறை தெரியும். சர்தார் பாஷாவுக்கு எல்லார் கறையும் தெரியும், ஏனென்றால் கட்டு அவர் வீட்டு அலமாரியில் குடியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அதை எடுத்துத் தூசி தட்டி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். இதை ஏமாற்று என்று சொன்னால் அவர் மனதாரத் துடித்துப்போயிருப்பார். கண் பார்த்தது, கை ஆடியது. இரண்டும் சேர்ந்து மனசுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவ்வளவுதான். எதிராளியிடம் என்ன சீட்டு என்று தனக்குத் தோன்றுவதை அவர் மூளை என்று நம்பினார். அந்த மூளையைப் பற்றி மற்றவர்களுக்கு விளக்கவும் செய்தார்.

"சீட்டப் பாக்கக் கூடாதுடா வாஹித். மனுசன் மூஞ்சியப் பாக்கணும். ஒம்போது வச்சிருக்கிறவன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கும்."

"என் மூஞ்சி எப்பவும் ஒரு மாதிரிதாண்ணே இருக்குது," என்று வாஹித் பாஷா கம்மலை எடுத்து மாட்டிக்கொள்வார். மாட்டி மாட்டி அவருக்குக் காது நீண்டுவிட்டது என்று ஊரில் பேச்சு.

இப்படிப்பட்ட சாம்ராஜ்யத்துக்குள்தான் ஒரு வெள்ளிக்கிழமை இஷ்தியாக் அகமது வந்து நுழைந்தான். வேலூரில் காலேஜில் படிக்கிற பையன். பூட்ஸோடு பாய்வரை வந்து, அக்காளிடம் ஒரு அதட்டல் வாங்கி, திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தான். சட்டைப் பையிலிருந்து பளபளவென்று ஒரு சீமைச் சீட்டுக்கட்டை எடுத்து வைத்தான். பழைய கட்டை இரண்டு விரலால் தூக்கி முகர்ந்தான்.

"மச்சான், இதையா சீட்டுன்றீங்க? தண்ணில போட்டுக் கொதிக்க வச்சா ரசம் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். சர்தார் பாஷாவுக்கு ரோஷம் வந்தது. அந்த நிமிஷத்தில் அவர் பேசாமல் இருந்திருக்கலாம். பழகின கட்டு, ராசியான கட்டு என்று எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தன் மூளைமேல் நம்பிக்கை வைத்துவிட்ட மனிதர்.

"கட்டுல இன்னாடா இருக்குது? ஆடுறது கட்டா, மூளையா? போடு உன் சீமைக் கட்ட."

"அக்கா, இந்தப் பழச அடுப்புல போட்டுடு," என்று இஷ்தியாக் பெண்கள் பக்கத்துத் திரைச்சீலைக்கு அடியில் பழைய கட்டைத் தள்ளினான். திரைக்குப் பின்னாலிருந்து வளையல் போட்ட ஒரு கை வந்து அதை எடுத்துக்கொண்டது.

புதுச் சீட்டுகள் விரலில் நிற்காமல் வழுக்கின. முதுகெல்லாம் ஒரே நீலக் கட்டம். சர்தார் பாஷா வழக்கம்போல வாஹித் பாஷாவின் கையைப் பார்த்தார். நீலம். லியாகத் அலியின் கையைப் பார்த்தார். அதுவும் நீலம். நன்றாகத் தெரிந்த தெருவில் ஒரே நாளில் எல்லா வீட்டுக் கதவையும் ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்துவிட்டால், சொந்த வீட்டைத் தேடுகிறவன் எப்படி நிற்பானோ அப்படி உட்கார்ந்திருந்தார். தான் சொன்னபடி வாஹித் பாஷாவின் மூஞ்சியையும் பார்த்தார். அது ஒரு மாதிரி இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

எதிர் ஜோடிக்கும் கட்டு புதிதுதான். ஆனால் பதினோரு வருஷம் தோற்றவர்களுக்கு வேறு வழியில்லாமல் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள நேர்ந்திருந்தது. எந்தச் சீட்டு இறங்கிற்று, எது பாக்கி என்று எண்ணி ஆடினார்கள். ஆட்டம் வரிசையாக அவர்கள் பக்கம் போனது.

வாஹித் பாஷா எழுந்து ஆணியிலிருந்து கம்மலை எடுத்தார்.  அவர் கண் கலங்கியதாகச் சொல்வார்கள்.

"அண்ணே. காதக் காட்டுங்க."

கன்னியப்பன் ஒருவர்தான் அப்போது பதறாமல் இருந்தவர். ஜோடி தோற்றால் தன் காதும் சேர்த்தி என்ற ஞாபகம் அவருக்கு இருந்தது.

"இருங்க பாய். ஒரு நாயம் பேசிக்கலாம். பச்சத் தோல குழில போடாமயே வெல பேசுவீங்களா?"

"அது எப்படி?" என்றார் வாஹித் பாஷா.

"அதான் கேக்கறேன். இது பச்சக் கட்டு. இன்னும் பதம் வரல. பதம் வராத கட்டுல ஆடுன ஆட்டத்துக்குக் கம்மல் எங்கருந்து வரும்?"

தோல்காரர்களிடம் இப்படி ஒரு வாதத்தை வைத்தால் அவர்களால் மீற முடியாது. எல்லோரும் லியாகத் அலியைப் பார்த்தார்கள். அவர் ஒரு புதுச் சீட்டை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, நகத்தால் அழுத்திப் பார்த்தார். தன் கட்சி தோற்கும் என்று தெரிந்தும் தொழிலுக்குத் துரோகம் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

"பச்சதான்," என்றார்.

கம்மல் ஆணிக்குத் திரும்பிப் போயிற்று. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை சும்மா விடாது. அன்றைக்கு வேலூரிலிருந்து நயீம் அகமது வருகிறார். சேணமும் செருப்பும் விற்கிற கடைக்காரர். அவர் மகனுக்கு சர்தார் பாஷாவின் மகள் வஹீதாவைக் கேட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் வந்து வஹீதாவைப் பார்த்துப் பிடித்துப்போய்த் திரும்பியாயிற்று. இனி பெண்ணின் அப்பாவைப் பார்த்துவிட்டு வார்த்தை கொடுக்கவேண்டியதுதான் பாக்கி. நயீம் அகமதுக்குச் சீட்டென்றால் உயிராம். "ஆம்பூர்ல கம்மலே ஏறாத ஒருத்தர் இருக்காராமே, அவர்கூட ஒரு கை ஆடணும்," என்று சொல்லி அனுப்பியிருந்தார். சொன்ன சேதி சரியாக இந்த வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது.

சர்தார் பாஷாவுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. பட்டைக் கொட்டகையில் ஆட்களை அதட்டுவதை மறந்துவிட்டார். ஆட்கள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். புதன்கிழமை மத்தியானம், தர்காவுக்குப் போய்க் கட்டுக்குள் புகுந்த சைத்தானை விரட்ட ஒரு தாயத்து வாங்கலாம் என்று புறப்பட்டு, காசு எடுக்க வீட்டுக்கு வந்தார். கூடத்தில் அஜீஸுன்னிசாவும் சுகரா பேகமும் பட்டம்மாளும் கழுதை ஆடிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் போகவேண்டிய பழைய கட்டு அவர்கள் கையில் இருந்தது.

சுகரா பேகமும் பட்டம்மாளும் எழுந்து உள்ளே போனார்கள். அதாவது கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

"தாயத்தா?" என்றாள் அஜீஸுன்னிசா. "யாருக்கு?"

"எனக்குத்தான். அந்தச் சீமக் கட்டுல இன்னாவோ இருக்குது அஜீஸ். எனக்கு ஒண்ணுமே தோணமாட்டேங்குது. மூளை மரத்துப் போவுது."

அஜீஸுன்னிசா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபது வருஷமாக ஒரு மனிதனுக்குச் சோறு போட்டவள் பார்க்கிற பார்வை. பிறகு பழைய கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி, முதுகு அவர் பக்கம் இருக்கும்படி தூக்கிப் பிடித்தாள்.

"இது இன்னா?"

"கிளாவர் பத்து."

"எப்படித் தெரியும்?"

"தோணுது."

"இது?"

"ஆட்டீன் ஜாக்கி. ஏன் கேக்கற?"

அவள் எழுந்துபோய் இஷ்தியாக் கொடுத்த கட்டைக் கொண்டுவந்து அதிலிருந்து ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது?"

சர்தார் பாஷா பார்த்தார். நீலக் கட்டம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தோணல," என்றார்.

"தோணாது. அதுல மஞ்சளும் இல்ல, மையும் இல்ல. எப்படித் தோணும்?" அவள் இரண்டு சீட்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் பாயில் வைத்தாள். "உங்க மூளை இருந்தது இந்தப் பழசோட முதுகுலங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பட்டம்மாளாக இருக்கவேண்டும், சுகரா பேகத்துக்கு அண்ணன்மேல் மரியாதை உண்டு, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

சர்தார் பாஷா பாயில் உட்கார்ந்தார். பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்து, பேர் சொல்லி, திருப்பிப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வொன்று சரியாக வரும்போதும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் விழுந்தது. எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு இவ்வளவு துக்கப்பட்ட மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கடைசியில் கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியும். வாஹித் தம்பிக்குத் தெரியும். கன்னியப்பண்ணனுக்கும் தெரியும்."

"ஒருத்தனும் சொல்லலியே."

"எதுக்குச் சொல்வாங்க? அவங்களும் பாத்துத்தான ஆடறாங்க. நீங்க ஜாஸ்தி பாத்தீங்க, அவங்க கம்மியாப் பாத்தாங்க." அவள் கட்டைச் சேர்த்து அவர் கையில் கொடுத்தாள். "வெள்ளிக்கெழம இதையே போடுங்க. இஷ்தியாக்க நான் பாத்துக்கறேன். சம்பந்தி எதிர்ல காதுல தோலத் தொங்கவிட்டுக்கிட்டு நிக்காதீங்க. நம்ம பொண்ணு வாழப்போற வீடு."

அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். கட்டைக் கொடுக்கிறவள் உண்மையைச் சொல்லாமல் கொடுத்திருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை நயீம் அகமது ரயிலில் வந்து இறங்கினார். கனத்த சரீரம், மருதாணி போட்ட தாடி, மெதுவான பேச்சு. வஹீதா கையால் சமைத்தது என்று சொல்லி வைத்த பிரியாணியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வஹீதா அன்றைக்கு அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை என்பது வீட்டுக்குள் இருந்த ரகசியம். பிறகு பாய் விரித்தார்கள். விருந்தாளிக்கு யார் இடம் கொடுப்பது என்ற பேச்சே எழவில்லை. கன்னியப்பன் முந்திக்கொண்டு எழுந்தார்.

"பெரியவரு சர்தார் பாய்க்கு ஜோடியா உக்காரட்டும். சம்பந்தக்காரங்க எதிரும் புதிருமா ஆடுறது நல்லால்ல," என்றார். தன் காது தப்பியது என்ற நிம்மதியை அவர் முகத்திலிருந்து முழுக்கத் துடைக்க முடியவில்லை.

கம்மல் சமாசாரத்தை வாஹித் பாஷா விருந்தாளிக்கு விவரமாகச் சொன்னார். தோற்றால் ஜோடியில் இரண்டு பேருக்கும் உண்டு என்பதை இரண்டு முறை சொன்னார். நயீம் அகமது தாடியைத் தடவிக்கொண்டு, "எனக்கு இன்னா பயம்? ஜோடி யாரு?" என்று சர்தார் பாஷாவைக் காட்டினார்.

பழைய கட்டு வந்தது. முதல் ஆட்டத்தில் சர்தார் பாஷாவின் கண் பழக்கம் விடாமல் போய் எல்லார் கையிலும் உட்கார்ந்துவிட்டு வந்தது. எது எங்கே என்று எல்லாம் தெரிந்தது. ஆடினார், ஜெயித்தார்.

"கேள்விப்பட்டது பொய்யில்ல," என்றார் நயீம் அகமது. "ஒம்போது அங்க இருக்குதுன்னு எப்படிங்க தெரிஞ்சிது? இதான் மூளைன்றது."

திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. ஒரே ஒரு தடவைதான். மற்ற யாருக்கும் அது ஒன்றுமில்லாத சத்தம். சர்தார் பாஷாவுக்கு மட்டும் பிடரியில் யாரோ பட்டைத் தண்ணீரை ஊற்றின மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் அவரால் பார்க்க முடியவில்லை. இதை நேர்மை என்று சொல்ல யாரும் அவசரப்படவேண்டாம்; வளையல் சத்தம் கேட்காமல் இருந்திருந்தால் அந்த நேர்மை எந்த ஊரில் குடியிருந்திருக்கும் என்று தெரியாது. ஆனாலும் பார்க்க முடியவில்லை. அடுத்தவர் கைப்பக்கம் கண் போகும்போதெல்லாம் இழுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். அப்படியும் ஓரக்கண்ணில் மஞ்சள் தெரிந்தது. கடைசியில் கூரையைப் பார்த்து ஆட ஆரம்பித்தார். விட்டத்தில் ஒரு பல்லி இருந்தது. சீட்டைக் கேட்பதும் இறக்குவதும் எல்லாம் பல்லியைப் பார்த்தபடியே.

"ஓதுறாரு போல," என்று நயீம் அகமது மரியாதையோடு குரலைத் தாழ்த்தினார்.

இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றது கடைசி ஆட்டம். சர்தார் பாஷாதான் அதிகம் கேட்டு, துருப்பைக் கவிழ்த்து வைத்திருந்தார். கையில் மிஞ்சியதில் பெரியது ஆட்டீன் ஆசு. துருப்பெல்லாம் தீர்ந்து, ஆட்டீன் ஜாக்கியும் ஏற்கெனவே இறங்கிப் போயிற்று. ஆசுவை அடிக்கக்கூடியது ஆட்டீன் ஒன்பது ஒன்றுதான். அது நயீம் அகமதிடம் இருந்தால் இப்போதே ஆசுவை இறக்கிவிடலாம், ஆட்டம் இவர்களுடையது. எதிராளியிடம் இருந்தால் ஆசுவை வைத்துக்கொண்டு வேறு சீட்டைப் போடவேண்டும். ஆட்டீன் ஒன்பதின் முதுகில் கன்னியப்பனின் வண்டி மை பட்டாணி அளவுக்குக் கறுப்பாக இருக்கும். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். ஒரு கண்ணைத் தாழ்த்தினாலே போதும்.

வாஹித் பாஷா நன்றாகத் தெரியும்படிதான் சீட்டைப் பிடித்திருந்தார். பதினோரு வருஷமாக அப்படித்தான் பிடித்துப் பழக்கம். ஒளிப்பதில் பிரயோஜனம் இல்லை என்று என்றைக்கோ விட்டுவிட்டார்.

சர்தார் பாஷா பல்லியைப் பார்த்தார். பல்லி நகர்ந்து போயிற்று. வெறும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஆசுவை இறக்கினார்.

வாஹித் பாஷா அதன்மேல் ஒன்பதை வைத்தார். அடித்துப் போடவில்லை. தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மெதுவாக வைத்தார். லியாகத் அலி தன் பத்தையும் அதோடு சேர்த்தார். எண்ணிப் பார்க்கவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

கன்னியப்பன்தான் முதலில் வாய் திறந்தார். "இன்னா பாய், மேல இன்னா இருந்துது?"

சர்தார் பாஷா நயீம் அகமதிடம் திரும்பினார். "நீங்க விருந்தாளி. உங்களுக்கு இதெல்லாம் வேணாம். ரெண்டையும் நானே போட்டுக்கறேன். எனக்கு ரெண்டு காது இருக்குது."

 திரைக்குப் பின்னால் அஜீஸுன்னிசாவுக்கு மகளின் சம்பந்தம் பாயின் மேல் மல்லாந்து கிடப்பதாகத் தோன்றியிருக்கவேண்டும்.

வாஹித் பாஷா ஆணியிலிருந்து எடுத்துவந்த கம்மலை நயீம் அகமது கையை நீட்டி வாங்கினார். விரலில் மடக்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். முகம் சுளித்தது.

"இது வயித்தோரத் தோலு," என்றார். "தொளதொளன்னு இருக்குது. கழிச்சுப் போடுற துண்டு. காதுல போடுறதுக்கு இதான் கெடச்சுதா உங்களுக்கு? ஷாப்புல நல்ல முதுகுத் தோலே இல்லியா?"

 லியாகத் அலிக்கு வெட்கமாகப் போய்விட்டது. தரம் பிரிக்கிறவர் இருக்கிற வீட்டில் கேட்கப்படக்கூடாத கேள்வி அது.

நயீம் அகமது கம்மலைத் தன் வலது காதில் மாட்டிக்கொண்டார். இன்னொன்றை எடுத்து சர்தார் பாஷாவின் அம்மைக் குழிக் காதில் அவரே மாட்டிவிட்டார். இருவரும் எழுந்து வெளியே போனார்கள்.

கடைத்தெருவில் அன்றைக்கு வியாபாரம் கொஞ்ச நேரம் நின்றது. ஜட்கா வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியே பார்த்தார். வெற்றிலைக் கடை மீரான் சிரிக்கவில்லை. நெடுநாளாகத் தேடிவந்த மனிதரைப் பார்த்ததுபோல எழுந்து நின்று, "வாங்க பாய், வாங்க. இத்தன நாளா எங்க போயிருந்தீங்க?" என்றார். கூட வந்தவர் காதிலும் ஒன்றைப் பார்த்ததும், இரண்டாவது பார்சலுக்குப் பாக்கு ஒரு கை அதிகமாகவே போட்டார்.

திரும்பி வரும்போது சர்தார் பாஷா தலையைக் குனிந்தே நடந்தார். கம்மல் கன்னத்தில் அடித்துக்கொண்டு வந்தது. முதலாளியின் மகன் சைக்கிளில் எதிரே வந்து, மணியடிக்க மறந்து, கடந்து போனான். நயீம் அகமது வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மென்றபடி கூடவே வந்தார்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார்.

"கேளுங்க."

"கடைசி ஆட்டத்துல ஒம்போது அவர் கையில இருந்துது. முதுகுல எவ்வளவு பெரிய மை. மூணாவது ஆட்டத்துலயே நான் பாத்துட்டேன். நீங்க ஏன் மேலயே பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

சர்தார் பாஷா நின்றுவிட்டார்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"அது தெரியாம இருக்கிறதுக்கு நான் துணிக்கடையா வச்சிருக்கேன்? தோல்ல ஒரு கறைய விட்டா நாளைக்குக் கடைய மூடணும்." அவர் வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு, கம்மலைச் சரிசெய்துகொண்டார். "ஓதிக்கிட்டு இருக்கீங்க, நடுவுல பேசக் கூடாதுன்னு விட்டுட்டேன். ஒரு சைகை காட்டியிருந்தா நம்ம காது ரெண்டும் தப்பியிருக்கும்."

சர்தார் பாஷா அவருடைய காதைப் பார்த்தார். தன் காதைத் தொட்டார். தன் வாழ்நாளில் அவர் ஒரே ஒரு ஆட்டம்தான் எந்தச் சீட்டின் முதுகையும் பார்க்காமல் ஆடியிருந்தார்; அதையும் ஜோடியாக இருந்தவர் பார்த்துத்தான் ஆடியிருக்கிறார்.  அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. நடுத்தெருவில் நின்று, கம்மல் ஆட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"பொண்ண எப்ப அனுப்பறீங்க?" என்று கேட்டார் நயீம் அகமது, அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து.

பக்ரீத் கழிந்து கல்யாணம் நடந்தது. சர்தார் பாஷாவின் காதில் அதற்கப்புறம் கம்மல் பல தடவை ஏறிற்று. லியாகத் அலி தேர்ந்தெடுத்துக் கொடுத்த நல்ல முதுகுத் தோல். பழைய கட்டு பெண்களிடமே தங்கிவிட்டது. சீமைக் கட்டைப் பொறுத்தமட்டில், பதம் வரட்டும் என்று எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள். அந்த வருஷம் மழை தொடங்குமுன் அதன் நீலத்தில் செம்மண் நிறமும் வெள்ளையும் கறுப்பும் பிறைகளும் வந்து சேர்ந்தன. மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வேலூர் ரயிலில் வருகிற சம்பந்தியால் பளபளவென்று ஒரு பூட்ஸ் பாலிஷ் கறையும் சேர்ந்தது. நால்வருக்கும் அது உடனே தெரிந்தது. தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.